இரண்டாம் பட்டியல்

மார்ச் 3, திங்கள்

ஆறாம் கம்பத்துக் கேமராவை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன். மூன்று மாதமாகச் செத்துக் கிடந்தது. எலி வயரைக் கடித்திருந்தது, அவ்வளவுதான். அதன் படம் திரையில் வராது, பெரிய சேமிப்பிலும் சேராது. மூலையில் கிடக்கும் பழைய பதிவுப் பெட்டியில்தான் ஓடும். முப்பது நாள் வைத்திருக்கும், பிறகு பழசின் மேலேயே புதுசை எழுதிக்கொள்ளும். பழுதுப் பதிவேட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுத வேண்டும். எழுதவில்லை. எழுதினால் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவர் “யாரைக் கேட்டுத் தொட்டே?” என்று ஆரம்பிப்பார். நாள் முழுக்கக் கொட்டாவி விடுகிற மனிதர். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். மெதுவாக எழுதிக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறது.

பதினாறு திரை, ஒரு நாற்காலி. மொத்தக் காய்கறிச் சந்தையும் சத்தமே இல்லாமல் என் முன்னால் நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் யாராவது பேசினால் முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

மைத்துனன் மத்தியானம் சாப்பிட வந்தான். சந்தையின் குளிர்பதனக் கிடங்கில்தான் வேலை. நிர்வாகம் எல்லாருக்கும் கொடுத்த கறுப்பு பூட்ஸைக் கழற்றாமல் அடுக்களை வரை வந்துவிட்டான். “புது பூட்ஸு மாமா, பாருங்க, கல்லை ஒதச்சாலும் வலிக்கல” என்றான். என் மனைவி அவனைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டாள். அப்பா அம்மா போனபிறகு இவனை வளர்த்தவள் அவள். அவளுக்கு அவன் தம்பி பாதி, பிள்ளை பாதி.

மார்ச் 6, வியாழன்

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாம் தடவை.

காலை 11.14. மூன்றாம் திரை, அதாவது மூன்றாம் கம்பத்துக் கேமரா, வெங்காய மண்டி வாசல். நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற லோடுமேனின் சட்டையை மண்டிக்காரர் பிடித்திருந்தார். ஒரு அறை. நான் சிரித்தேன் — ஆமாம், சிரித்தேன், இங்கே பொய் எழுதி யாருக்கு என்ன? எவனோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். இரண்டாவது அறைக்குள் பத்துப் பேர். பிறகு எண்ண முடியவில்லை. ஒருவன் மூட்டை இழுக்கும் கொக்கியால் முதுகில் போட்டான். கொக்கி சட்டையோடு சதையையும் கொண்டு வந்தது. நெட்டை முட்டி போட்டு விழுந்தான். தலையில் பலகை. கையை மேலே தூக்கினான். நேராக என்னைப் பார்த்து.

நான் என்ன செய்தேன்? கேமராவில் அவன் முகத்தைக் கிட்டே இழுத்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அதுதான், முகம் கிடைத்தால்தான் படம். புருவத்து ரத்தம் வரை தெளிவாகக் கிடைத்தது. நல்ல படம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். முகத்தைப் பிடித்ததில் சுற்றி அடித்த கைகள் எல்லாம் திரைக்கு வெளியே போய்விட்டன. திரும்பத் தள்ளிப் பார்த்தபோது முதுகுகள்தான் தெரிந்தன.

என் இடது கைப்பக்கம் மைக் இருக்கிறது. சந்தை முழுக்கக் கேட்கும். தினமும் “நீல வேன்காரர் வாசலை விட்டு வண்டிய எடுங்க” என்று கத்துகிறேன். ஆனால் மற்ற எதற்கும் கொட்டாவியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி. போன் போட்டேன். டீக்கடையில் இருந்தார். “இரு, வந்து பாக்குறேன்” என்றார். நானும் இருந்தேன்! 11.18-க்குத்தான் போலீசுக்குச் சொன்னேன். நாலு நிமிஷம். நாலு நிமிஷம் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டதாம். செல்போன் திருடினான் என்று அடித்திருக்கிறார்கள். சாயங்காலம் அந்த செல்போன் மண்டிக்காரரின் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கிடைத்தது.

மார்ச் 7, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்து பெரிய சேமிப்பைக் கழற்றிக்கொண்டு போனார். ஆறாம் கம்பம் பற்றிக் கேட்டார். கொட்டாவி பதிவேட்டைக் காட்டி, “அது மூணு மாசமா ரிப்பேர் சார்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது மறைக்க வேண்டும் என்று இல்லை, எழுதாததற்குத் திட்டு விழுமே என்றுதான்.

எல்லாரும் போனபிறகு பழைய பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். ஆறாம் கம்பம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. எல்லாம் இருக்கிறது. நெட்டை தூக்கிய கை தடுப்பதற்கு இல்லை, விரலை நீட்டி மூன்றாம் கம்பத்தைக் காட்டுகிறான். வாயசைவும் தெரிகிறது. கேமராவைப் பாருங்க, கேமராவைப் பாருங்க. அதையே நாலைந்து முறை சொல்கிறான்.

சந்தையில் மூட்டைகளுக்கு எடை போடுகிற எடைக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். குனிந்து நெட்டையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து வெளியே இழுக்கிறார். அவர் முதுகிலும் அடி விழுகிறது, விடவில்லை. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு பூட்ஸ் நெட்டையின் இடது விலாவில் இறங்குகிறது. ஒரே உதை. உடம்பு மடங்கிய விதத்தைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

பூட்ஸுக்கு மேலே என் மைத்துனன்.

மார்ச் 8, சனி

என்னைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். சந்தையில் யார் யார் என்று முகம் தெரிந்தவன் நான்தானாம். மூன்றாம் கம்பத்துப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டி ஒவ்வொரு தலைக்கும் எண் போட வேண்டும். மொத்தம் முப்பத்து நான்கு தலை. இரண்டு பட்டியல். அ — அடித்தவர்கள். ஆ — வேடிக்கை பார்த்தவர்கள்.

“வேடிக்கை பாக்கறது குத்தமில்ல, அதனால பயப்படாம சொல்லு” என்றார் இன்ஸ்பெக்டர். அது வெளியே எப்படியோ கசிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஆளாளுக்கு என்னை மறித்தார்கள். நேற்று வரை ‘பாத்துட்டு சும்மா நின்னியாமே’ என்று சொன்னால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இன்று அந்தப் பெயரை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். வாழைப்பழக்காரர் என் கையையே பிடித்துக்கொண்டார். “நான் வேடிக்கைதாங்க பாத்தேன், என்னை ஆ-வுல போட்டுடுங்க, புண்ணியமாப் போகும்.” இன்னொருவன் செல்போனில் படம் எடுத்தவன். “நான் கையே வைக்கலண்ணா, வீடியோதான் எடுத்தேன், பயந்து அதையும் அழிச்சுட்டேன், அது எதுல வரும்?” பூ விற்கும் அம்மாளுக்கு ஆ பட்டியல்கூடப் பிடிக்கவில்லை. “நான் எங்க பாத்தேன்? அந்தப் பக்கம் போனேன், காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்.”

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் வந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே, “நான் சும்மா வேடிக்கைதான் பாத்தேன் மாமா” என்றான். நான் கேட்கவே இல்லை. என் மனைவி குழம்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். “அதான் சொல்றானே, போட்டுடுங்க.”

மார்ச் 10, திங்கள்

பத்தொன்பதாம் தலைக்கு எதிரே ‘ஆ’ போட்டேன்.

மார்ச் 12, புதன்

எடைக்காரரைப் பிடித்துவிட்டார்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மண்ணீரல் கிழிந்து ரத்தம் உள்ளேயே போனது என்று இருக்கிறதாம். விலாவில் விழுந்த உதைதான் காரணம். மூன்றாம் கம்பத்துப் படத்தில் அந்த இடத்துக்கு மேலே மண்டியின் தார்ப்பாய் தொங்குகிறது. முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். ஒரு கறுப்பு பூட்ஸ் உதைக்கிறது. மறுநொடி அதே இடத்திலிருந்து எடைக்காரர் நிமிர்கிறார். சட்டை முழுக்க ரத்தம். சந்தையில் எல்லாருக்கும் அதே பூட்ஸ்.

“கிட்டப் போய்க் குனிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் ஒரு அடி தள்ளி நிக்கிறான்” என்றார் இன்ஸ்பெக்டர். நான் மெதுவாக, “தடுக்க வந்திருக்கலாம் சார்” என்றேன். “தடுக்க வந்தவன்னு ஒருத்தன் இருந்தா நான் வேண்டாம்னா சொல்றேன்? நீ பாத்தியா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

காவல் நிலைய வாசலில் ஜீப்பிலிருந்து அவரை இறக்கும்போதே முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். பல் ஒன்று படியில் விழுந்தது. தேநீர் கொண்டுவந்தவர் அதைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனார்.

மார்ச் 14, வெள்ளி

வேலை ஓடவில்லை. அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அழுவேன். எதற்கு? வேடிக்கை பார்க்க. மரம், மாடு, மணல் லாரி எல்லாம் வேடிக்கை. கல்யாணத்தில் விடுகிற வாணம் வேடிக்கை. வேலை செய்யாமல் நின்றால் “என்னடா வேடிக்கை?” என்று ஒரு குட்டு விழும். அதே வார்த்தையைத்தான் இப்போது ஒருத்தன் செத்த இடத்தில் நின்ற இருபத்தேழு பேருக்கு அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். வேறு சொல்லும் தேடிப் பார்த்தேன். பார்வையாளர் என்றால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் போல இருக்கிறது. சாட்சி என்றால் வந்து சொல்ல வேண்டும், இந்த இருபத்தேழு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. வேடிக்கைதான் சரி. யாரும் சிரிக்கவில்லையே என்று பார்த்தால், நான் சிரித்தேனே.

மார்ச் 21, வெள்ளி

தலைவலி. பழைய பெட்டி இன்னும் பதினைந்து நாள் வைத்திருக்கும். ஏப்ரல் 5-க்குப் பிறகு தானாகவே அழிந்துவிடும். நான் எதையும் அழிக்க வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும்.

மார்ச் 26, புதன்

எடைக்காரரின் மனைவி கேமரா அறைக்கே வந்துவிட்டாள். கொட்டாவி துரத்தப் பார்த்தார், நகரவில்லை. பதினாறு திரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இத்தனை வச்சிருக்கீங்களே. ஒண்ணுலகூடவா அவரு தூக்கினது விழல?” என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. “உள்ள என்னமோ பண்றாங்க. சட்டைய மாத்த எடுத்துட்டுப் போனேன், பழைய சட்டைய வாங்கிப் பாத்தா ஒரு பக்கம் முழுக்க ரத்தம் காஞ்சு மொடமொடன்னு இருக்கு. ஒத்துக்கோன்னு அடிக்கிறாங்க. அந்த மனுசன் தூக்குனேன், தூக்குனேன்னு மட்டும் சொல்றாராம்.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டே, “இல்லம்மா” என்றேன்.



மார்ச் 28, வெள்ளி

மனைவியிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. படத்தை என் செல்போனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். உதை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளே விரலால் பின்னுக்குத் தள்ளி, திரும்பப் பார்த்தாள். மூன்று தடவை.

“அழிச்சிடுங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஆளுக்குப் பிள்ளைங்க எத்தனை?” என்றாள். இரண்டு என்றேன். எழுந்து போய் விளக்கியிருந்த பாத்திரங்களையே மறுபடி விளக்கினாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு கண் திறக்கவில்லை. மற்றதை வைத்து எழுதுகிறேன்.

மனைவிதான் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். நீயே போய் ஒத்துக்கொள் என்று சொல்லத்தான் சொன்னாளாம். பதினொன்றரைக்கு வந்தான். முதலில் காலில் விழுந்தான். “ஒரே ஒரு ஒதைதான் மாமா. எல்லாரும் அடிச்சாங்க, எனக்கும் ஒரு வெறி. அவன் பேருகூட எனக்குத் தெரியாது.” இன்னும் ஆறு நாள் சும்மா இருங்கள் போதும் என்று அழுதான். நான் முடியாது என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

செல்போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். அப்புறம் என்னை. முகத்தில் முதல் குத்து, மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. இவ்வளவு வருஷம் சத்தமில்லாமலே பார்த்துப் பழகியவனுக்கு அந்தச் சத்தம்தான் பெரிய அதிர்ச்சி. கீழே தள்ளி நெஞ்சில் முட்டி போட்டுக் கழுத்தைப் பிடித்தான். அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். மாடிப்படியில் இரண்டு பேர். நான் கையை நீட்டினேன். ஜன்னலில் இருந்தவர், “தம்பி, விடுப்பா, விடுப்பா” என்றார், ஜன்னலை விட்டு நகராமல்.

என் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். என் சட்டை அதன் கீழே கருகுகிற வாசனை வந்தது. நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். சரி, இவளும் பார்க்கிறாள், இப்படியே முடியப் போகிறது என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை. எனக்கு அந்த நிற்பது தெரியும். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரு நொடி என்று தோன்றும்.

அப்புறம் அவள் வந்தாள். இஸ்திரிப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்து அழுத்தினாள். அவன் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. அவள் எடுக்கவில்லை. “விடு. விடுடா. செத்துப் போயிடுவாருடா, விடு” என்று ஒவ்வொரு ‘விடு’வுக்கும் அழுத்தினாள். தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் என்னை விட்டுவிட்டு ஓடினான்.

ஆறு வயதிலிருந்து அவள் சோறு ஊட்டிய கை அது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள்.

“நாளைக்கே குடுத்துடுங்க” என்றாள்.

மார்ச் 31, திங்கள்

ஆஸ்பத்திரி. அவள் சொன்னபடி இன்று கொடுக்க முடியவில்லை. மூக்கில் பஞ்சு.

ஏப்ரல் 1, செவ்வாய்

பழைய பெட்டியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார். எழுந்து வந்து, கட்டுப் போட்டிருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், ஓங்கி ஒன்று விட்டார். “பாக்கலன்னு சொன்னியே! இருபது நாளா ஒருத்தன உள்ள வச்சு...” என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அறையில் நாலு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். எல்லாரும் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்கள்.

பிறகு பட்டியலை எடுத்தார். பத்தொன்பதாம் தலையை ஆ-விலிருந்து அடித்து அ-வில் எழுதினார். எடைக்காரரை அ-விலிருந்து அடித்து ஆ-வில் எழுதினார்.

“அவர் வேடிக்கை பாக்கல சார். இழுத்தாரு” என்றேன்.

“அதுக்குத் தனிப் பட்டியல் இல்ல. ஆ-வுல இருக்கட்டும். வெளிய வந்தா போதாதா அவனுக்கு?”

“அப்ப நானும் ஆ-வுல வரணும் சார். நாலு நிமிஷம் பாத்தேன். மைக் பக்கத்துலயே இருந்துச்சு.”

அவர் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீ கேமராய்யா. கேமராவ யாராச்சும் பட்டியல்ல போடுவாங்களா? கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

போட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மைத்துனனை நேற்று முன்தினம் கிடங்கிலிருந்தே கூட்டிப்போனார்கள். வெந்த கையில் விலங்கு மாட்டமுடியாமல் மற்றக் கையில் மாட்டினார்களாம். சந்தையில் என்னோடு யாரும் பேசுவதில்லை. ‘சொந்த மச்சானையே காட்டிக் கொடுத்தவன்.’ வாழைப்பழக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆ-வில் பத்திரமாக இருக்கிற மனிதர். வேலையை விட்டு நிறுத்த கொட்டாவி எழுதிப் போட்டிருக்கிறார், பழுதுப் பதிவேட்டில் எழுதாததுதான் காரணமாம். அதில் தப்பில்லை.

மனைவி காலையில் தம்பிக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறாள், சாயங்காலம் வந்து எனக்குச் சமைக்கிறாள். “பேசுவேன். இப்ப முடியாது” என்றாள்.

ஏப்ரல் 16, புதன்

காவல் நிலையத்திலிருந்து சிறைக்கு மாற்றியிருந்த எடைக்காரர், கோர்ட்டு உத்தரவு வந்து இன்றுதான் வெளியே வந்தார். எதற்கு என்று தெரியாமல் நானும் சிறை வாசலுக்குப் போயிருந்தேன். பத்தரைக்குச் சின்னக் கதவு திறந்தது. ஆள் பாதியாகியிருந்தார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் நேராக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“நீங்கதான் அந்தப் படத்தைக் குடுத்தீங்களாமே” என்றார். முன்பல் இல்லாததால் வார்த்தை காற்றாக வந்தது. “ரொம்ப நன்றிங்க. யாருமே பாக்கலன்னு நினைச்சேன்.”

நான் தலையை ஆட்டினேன்.

“எப்பக் கிடைச்சுது உங்களுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுதான் கிடைத்தது, பெட்டி பழுதாக இருந்தது, எத்தனையோ சொல்லியிருக்கலாம். “மறுநாளே பாத்துட்டேன். இருபத்தஞ்சு நாள் வச்சிருந்தேன்” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். எடை போடுகிறவர் அல்லவா, கணக்கு சட்டென்று வந்துவிட்டது. வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் பக்கவாட்டில் திரும்பி, மடங்காமல் நின்றன.

“இது நான் உள்ள போன ஏழாம் நாள்” என்றார்.

பஸ் வந்தது. அவர் மனைவி அவரை ஏற்றிவிட்டு, டிக்கெட் எடுக்கத் தானே முன்னால் போனாள். நான் பஸ் திரும்பும் வரை நின்றேன், பிறகு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.